கட்டைப்பையில் பதினோரு போன்கள்

என் நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்ட காலையில், வேனில் ஏறிய பதினோரு பேரிடமும் போனை வாங்கி, துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் போட்டு முடிச்சுப் போட்டவன் நான்தான். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஒரு நியாயம் இருந்தது.

மூன்று மாதம் முன்னால் அக்காவுக்கு வளைகாப்பு நடந்தது. அந்த ஆல்பத்தில் ஒரு படம் உண்டு. நடுவில் அக்கா, கை நிறைய வளையலோடு சிரிக்கிறாள். அவளைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் இருபது பேருக்கும் உச்சந்தலை மட்டும்தான் தெரிகிறது. "எல்லாரும் ஒருவாட்டி மூஞ்சியக் காட்டுங்க" என்று போட்டோக்காரர் இரண்டு தடவை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. சொல்லிவிட்டு அவரும் தன் போனைப் பார்த்தார். எல்லாரும் அமைதியாக இருந்த ஒரு நேரம் பார்த்து, முன்வரிசையில் இருந்த அப்பாவின் போன் உரக்கப் பேசியது: "வணக்கம் விவசாய நண்பர்களே, இன்னைக்கு நாம பாக்கப்போறது வேரழுகல்." மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் காது சுட்டது.

அந்தப் போனை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. செட்டிகுளம் பக்கம் அடுத்தவர் காட்டில் வெங்காயம் அறுத்தும் மூட்டை தூக்கியும் எங்களை வளர்த்தவர். இப்போது விளைச்சலில் பங்கு தருவதாகக் கொஞ்சம் நிலத்தை வாரத்துக்குப் பிடித்து, சின்ன வெங்காயம் போடுகிறார். போனில் மைக் படத்தை அமுக்கிவிட்டு வாயால் கேட்கலாம் என்று ஒரு நாள் காட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அதனிடம் அவர் மரியாதையாகத்தான் பேசுவார். "வெங்காயத்துல திருகல் நோய் வந்திருக்குங்க, என்ன பண்ணலாம்ங்க." அது பத்து வீடியோவைக் கொண்டுவந்து கொட்டும். பத்தையும் பார்ப்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். கெமிஸ்ட்ரி படித்து, அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் லேபில் வேலை பார்க்கிறேன். பெண் வீடும் அரியலூர்தான். அவள் அப்பா லைன்மேன். பெரியப்பா வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் எல்லாரும் பேப்பர் படிக்கிறவர்கள். அங்கே யாரும் அப்பாவைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. அவர் தலை நிமிர்ந்து முன் நாற்காலியில் உட்கார வேண்டும், சம்பந்திக்குச் சமமாகத் தட்டு மாற்ற வேண்டும். அதற்குப் போன் இடைஞ்சல் என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் மட்டும் வாங்கினால் வருத்தப்படுவார் என்று எல்லாரிடமும் வாங்கினேன்.

"படிச்ச புள்ள சொல்லுது, குடுத்துட்டுப் போவோம்" என்றார் மாமா. சித்தி மட்டும் போனைக் கொடுக்காமல் முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"ஏன்டா, பரிச்ச எழுதவா கூட்டிட்டுப் போற?"

"ரெண்டு மணி நேரம்தான் சித்தி."

"ரெண்டு மணி நேரத்துல எம் பொண்ணு எத்தன ஸ்டேட்டஸ் வெப்பா தெரியுமா? நான் பாக்கலன்னா கோவிச்சுக்குவா."

முனகிக்கொண்டே சித்தியும் கொடுத்தாள். அப்பா பாட்டரி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுத்தார். பெரம்பலூர் தாண்டும் வரை அவர் கை இரண்டு மூன்று தடவை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது.

பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, எதிரெதிராக நாற்காலிகள் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் நடு நாற்காலி அப்பாவுக்கு. வாத்தியார் பெரியப்பா வந்து கும்பிட்டு, "பிரயாணமெல்லாம் சவுகரியமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். "இருந்துச்சுங்க" என்றார் அப்பா. அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு இல்லை. அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைகளை முழங்கால் மேல் வைத்தார். பிறகு கட்டிக்கொண்டார். பிறகு தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நினைத்தபடியேதான் இருந்தது. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு வந்தேன். நடு நாற்காலி காலியாக இருந்தது.

"சம்பந்தி எங்க தம்பி? நேரமாகுதே" என்றார் பெண்ணின் அப்பா.

கை கழுவப் போயிருப்பார் என்று சொல்லிவிட்டு, வீட்டின் பின்பக்கம் ஓடினேன். அங்கே சமையல் நடந்துகொண்டிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, சமையல்காரர் ஒருவரோடு சாம்பார் அண்டாவின் ஒரு காதைப் பிடித்து அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். புதுச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. தலைமைச் சமையல்காரர் அவரைப் பார்த்து, "யோவ், அப்படியே அந்தத் தண்ணி கேனையும் இப்படி நவுத்திடு" என்றார். அப்பா "சரிங்க" என்று கேனைத் தொட்டார்.

நான் அவர் கையைப் பிடித்துத் தனியே கூட்டிவந்தேன். கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் வந்தேன்.

"என்னப்பா இது? இது நம்ம வூடா?"

"கோவப்படாதடா. சும்மா ஒக்காந்திருக்க வரல. கைய எங்க வெக்கிறதுன்னே தெரியல."

"அக்கா வளைகாப்புல மட்டும் ஒக்காந்திருந்தீங்களே?"

"அப்ப போன் இருந்துச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சின்னப் பையனாக இருந்தபோது போன விசேஷங்களில் அப்பா எங்கே இருந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட நாற்காலியில் இல்லை. அடுப்பங்கரையில், வாழை இலைக் கட்டுப் பக்கத்தில், தண்ணீர் டிரம் பக்கத்தில். யாரும் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நாலு பேர் நடுவில் வெறுங்கையோடு உட்கார்வது அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். போன் வந்த பிறகுதான் ஜனங்களோடு ஜனமாக அவர் உட்கார்ந்தார். குனிந்துகொண்டுதான், ஆனாலும் முன்வரிசையில். அந்தப் படத்தில் எனக்கு உச்சந்தலைதான் தெரிந்தது. நாற்காலி தெரியவில்லை.

வேனுக்குப் போய் கட்டைப்பையை எடுத்தேன். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை, பல்லால் கடித்தேன். உள்ளே நாலைந்து போன்கள் ஒன்றாக அதிர்ந்துகொண்டிருந்தன. அப்பாவின் போனைத் தேடி எடுப்பதற்குள் சித்தி பின்னாலேயே வந்து நின்றாள்.

"அவருக்கு மட்டும் பரிச்ச முடிஞ்சிருச்சா?"

"எல்லாருக்கும் முடிஞ்சிருச்சு சித்தி. நீயே எடுத்துக் குடுத்துரு."

அப்பா முகம் கழுவி, வேட்டியை இறக்கிவிட்டு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் போனைக் கொடுத்தேன். "பரவால்லையாடா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். திறந்ததுமே, காலையில் வேனில் பாதியில் நின்ற வீடியோ சத்தமாக ஓடத் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாத்தியார் பெரியப்பா திரும்பிப் பார்த்திருப்பார்.

கண்ணைத் திறந்தபோது எதிர்வரிசையில் பெண்ணின் அப்பா இல்லை. அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது திருகல்தானுங்களே? நம்ம காட்டுலயும் இப்படித்தான், தாளெல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்குது. ஆசைப்பட்டு இந்த வருஷம்தான் அரை ஏக்கர் போட்டேன்."

"வெத எங்க வாங்குனீங்க?"

"தெரிஞ்சவர் குடுத்தாருங்க."

"வெதக்காயிலயே இருந்திருக்கும். நட்டு எத்தன நாளாச்சு? இருங்க, வேற ஒன்னு காட்டுறேன்." அப்பா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "சம்பந்தி காட்டுல திருகல் வந்திருக்குங்க" என்றார். அது என்ன புரிந்துகொண்டதோ, பத்து வீடியோவைக் கொண்டுவந்து கொட்டியது. இரண்டு தலையும் சேர்ந்து குனிந்தன. இந்த ஆள் மருந்தை ரொம்ப அதிகமாகச் சொல்கிறார், நம்பாதீர்கள் என்று அப்பா சொல்ல, பெண்ணின் அப்பா தன் காட்டுப் படத்தைத் தன் போனில் காட்ட, அதை அப்பா விரலால் பெரிதாக்கிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

தட்டு மாற்ற நேரம் வந்துவிட்டது. வாத்தியார் பெரியப்பா இரண்டு தடவை கனைத்தார். மூன்றாவது தடவை, "வெங்காயத்துக்கு அப்புறம் நிச்சயம் பண்ணிக்கலாம், இப்ப புள்ளைங்களுக்குப் பண்ணிருவோமா?" என்றார். பந்தலே சிரித்தது. அப்பா அவசரமாகப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தட்டைத் தூக்கினார். தட்டு கை மாறும்போதும் சட்டைப்பைக்குள்ளிருந்து வேப்பம் புண்ணாக்கைப் பற்றி ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லி நான் சைகை காட்டவில்லை. கதவோரம் நின்ற கல்யாணப் பெண் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது சம்பந்திகள் இரண்டு பேரும் தினமும் காலையில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொள்கிறார்கள். கல்யாணத் தேதி எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குள் முடிவாகிவிட்டது, வெங்காயத்தை அறுத்து, பட்டறை போட்டு இருப்பு வைத்த பிறகு என்று.

நிச்சயத்தின் படங்கள் வந்தன. தட்டு மாற்றிய பிறகு எடுத்த படம் ஒன்று. வழக்கம்போல ஒருவர் முகமும் தெரியவில்லை. சித்தி, பார்க்காமல் விட்ட ஸ்டேட்டஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாமாவும் குனிந்திருக்கிறார். வாத்தியார் பெரியப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தன் போனை எட்டப் பிடித்துப் பார்க்கிறார். நடுவில் அப்பா. அவரும் போன்தான் பார்க்கிறார். ஆனால் நுனியில் இல்லை. முதுகு முழுவதும் நாற்காலியில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.