செல்லக்கண்ணு சேர்த்து வைத்த கச்சேரி

ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையில் மூட்டை பிடிக்கும் வேலை பார்த்த செல்லக்கண்ணுவுக்கு இரண்டு பைத்தியங்கள் இருந்தன. ஒன்று, மருதையாறு மெல்லிசைக் குழு. இன்னொன்று, கூட வேலை செய்கிறவர்களுக்குப் பெண் பார்த்து முடித்து வைப்பது. இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தால் யாருக்கும் கெடுதல் வந்திருக்காது. அவன் ஒன்றாகக் கலந்துவிட்டான்.

மருதையாறு குழுவுக்கு மெட்டுப் போடுகிறவர் அரியலூர் அரியமுத்து. ஆர்மோனியமும் அவர்தான். பாடுகிறவர் லப்பைக்குடிக்காட்டு ஹுமாயூன். மற்ற குழுக்களெல்லாம் சினிமாப் பாட்டைப் பாடிப் பிழைத்தபோது, இவர்கள் சொந்தப் பாட்டுப் போட்டார்கள். எழுபத்து மூன்றில் மெட்ராசுக்குப் போய் நாலு பாட்டை இசைத்தட்டாகவும் கொண்டுவந்தார்கள். அப்புறம் கொஞ்ச காலம், இந்தப் பக்கத்தில் மைக் செட் கட்டிய கல்யாண வீடு எதுவும் அந்தத் தட்டு இல்லாமல் நடக்கவில்லை. மீசை அரும்பும் வயதில் செல்லக்கண்ணு எந்த ஊர்த் திருவிழாவில் அவர்கள் கச்சேரி என்றாலும் முதல் வரிசையில் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பான். குறிப்பாக மழைப் பாட்டு. அதை ஹுமாயூன் எடுக்கும்போது இவன் கண் தானாக மூடிக்கொள்ளும்.

அந்தத் தட்டே குழுவைக் கெடுத்தது. உறையில் ஹுமாயூன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மெட்டுப் போட்டவர் பெயர் எங்கேயும் இல்லை. அச்சடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஹுமாயூனே ஊருக்கு வந்த பிறகுதான் உறையைப் பார்த்தார். ஆனால் அரியமுத்து நம்பவில்லை. தன் பெயரை எடுக்கச் சொன்னதே அவன்தான் என்று நாலு பேர் நடுவில் பேசினார். ஹுமாயூனும் ரோஷக்காரர். சந்தேகப்படுகிறவர் பக்கத்தில் நின்று பாட மாட்டேன் என்று, லப்பைக்குடிக்காட்டில் துணிக்கடை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்து வருஷம் போயிற்று. கேசட் வந்தது. திருச்சியில் ஒலிப்பதிவுக் கடை வைத்திருந்த ஒருவர், இருவரும் சேர்ந்து நாலு ஊரில் மறுபடி கச்சேரி செய்தால் அந்தப் பழைய பாட்டுகளைக் கேசட்டாகப் போடுகிறேன் என்றார். ரசிகர்கள் துள்ளினார்கள். ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது?

"நான் கட்டுறேன்" என்றான் செல்லக்கண்ணு.

அவன் மனைவி அம்சவள்ளி சிரித்தாள். "அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமா பண்ணி வைக்கப் போற?"

அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவனுக்கு அதுவே வழியாகப்பட்டது. சம்பந்தம் பேசுவதில் அவன் தொழில் ரகசியம் ஒன்றுதான். பெண் வீடும் முதலில் வாய் திறக்காது, மாப்பிள்ளை வீடும் திறக்காது. இவன் இங்கே வந்து, அவர்களாகவே கேட்டு விட்டார்கள் என்பான். அங்கே போய் அதையே திருப்பிச் சொல்வான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். இவன் இரண்டே பொய்யில் முடித்துவிடுவான்.

முதலில் அரியமுத்துவிடம் போனான். "மாஸ்டர், பாய் ரொம்ப ஒடஞ்சு போயிட்டாரு. பேர எடுக்கச் சொன்னது என் தப்புதான், மாஸ்டர மன்னிச்சிடச் சொல்லுங்கன்னு கண்ணுல தண்ணி வுட்டாரு."

பிறகு ஆறு தாண்டி லப்பைக்குடிக்காடு. "பாய், ஒங்கமேல வீணா சந்தேகப்பட்டுட்டேன்னு மாஸ்டர் குமுறுறாரு. மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

இருவரிடமும் கடைசியில் ஒன்று சொன்னான். "நேர்ல பாக்கும்போது அந்தப் பேச்ச மட்டும் எடுத்துடாதீங்க. கூனிக் குறுகிப் போயிடுவாரு."

திரும்பி வரும் பஸ்ஸில் நெஞ்சு குறுகுறுத்தது. ஹுமாயூன்மேல் குற்றமில்லை என்று நன்றாகத் தெரிந்தே, குற்றத்தை அவர் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்துவிட்டோமே என்று இருந்தது. மழைப் பாட்டை நினைத்துக்கொண்டான். குறுகுறுப்பு அடங்கிவிட்டது.

வாலிகண்டபுரத்தில் முதல் கச்சேரி. மேடை ஏறுமுன் இருவரும் கட்டிக்கொண்டார்கள். ரசிகர்கள் விசில் அடித்தே தொண்டை கட்டிப்போனார்கள். அடுத்து லப்பைக்குடிக்காடு, அப்புறம் அரியலூர். ஆலைக்கு லீவு போட்டுவிட்டு, சிமெண்டுத் தூசு போகாத தலையோடு செல்லக்கண்ணு எல்லா ஊருக்கும் பஸ் ஏறினான். ஆனால் பழைய மாதிரி நிம்மதியாக உட்கார்ந்து கேட்க முடியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஹுமாயூன் அவனைத் தனியாக அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"மாஸ்டர் அன்னிக்கு என்ன சொன்னாரு தம்பி? இன்னொரு தடவ சொல்லுங்க."

பத்து வருஷம் பழி சுமந்த மனுஷனுக்கு அந்த மன்னிப்பு அவ்வளவு இனித்தது. செல்லக்கண்ணு சொன்னான். ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை கூடச் சேர்த்துச் சொன்னான்.

கடைசிக் கச்சேரி பெரம்பலூரில். அன்று காலைதான் கேசட் வந்திருந்தது. இந்த முறை இசை அரியமுத்து என்று உறையிலேயே இருந்தது. மனம் நிறைந்துபோன அரியமுத்து ஆர்மோனியத்தை விட்டு எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். பேசாதே என்று சொல்லி வைத்ததெல்லாம் சந்தோஷத்தில் மறந்துபோயிற்று.

"அன்னிக்கு ஹுமாயூன் என் பேர எடுத்துட்டாரு. ஏதோ புகழாசை. ஆனா, என் தப்புதான்னு ஆளனுப்பி அழுதாரு பாருங்க, அதுக்குப் பெரிய மனசு வேணும். நான் மன்னிச்சிட்டேங்க!"

கூட்டம் கை தட்டியது. லப்பைக்குடிக்காட்டு ஜனம் பாதிக்குமேல் அங்கே இருந்தது. பெண்கள் பக்கத்தில் ஹுமாயூன் மனைவி ஹஃபீசா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஹுமாயூன் கண் கூட்டத்தில் தேடி, முதல் வரிசையில் செல்லக்கண்ணுவைக் கண்டுபிடித்தது.

எழுந்து, நான் சொன்னது பொய் என்று கத்தினால் போதும். செல்லக்கண்ணுவுக்கு வாய் வரை வந்தது. ஆனால் கத்தினால் கச்சேரி அங்கேயே நின்றுவிடும். அடுத்தது மழைப் பாட்டு. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொன்னதைக்கூட அவன் பிறகு எப்படியோ தாங்கிக்கொண்டான். அந்த நேரத்தில் பாட்டுக்காக வாயை மூடியதைத்தான் தாங்க முடியவில்லை.

ஹுமாயூன் மைக்கை வாங்கினார். "ஆமாங்க. மாஸ்டர் சொன்னது சரிதான்" என்றார். பாடினார். அவர் அப்படிப் பாடி யாரும் கேட்டதில்லை.

கூட்டம் கலைந்தபோது செல்லக்கண்ணு அவர் முன்னால் போய் அழுதான். "ஏன் பாய் ஒத்துக்கிட்டீங்க?"

"மேடையில ரெண்டு பேரும் மல்லுக்கு நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார் ஹுமாயூன். "நீங்க ஏன் அழறீங்க தம்பி? பாட்டு கேக்கத்தானே இவ்ளோ செஞ்சீங்க. கேட்டாச்சுல்ல?"

அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை. கேசட் மட்டும் டீக்கடை தோறும் பாடியது. பாட்டோடு கதையும் பரவியது. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு செல்லக்கண்ணு அவர் துணிக்கடைக்குப் போனான். உள்ளே ஒருவர் துணி எடுத்துக்கொண்டு இளித்தார். "பில்லுல எங்க பேரையாச்சும் போடுவீங்களா பாய்?" ஹுமாயூன் துணியை மடித்துக்கொண்டிருந்தார். செல்லக்கண்ணு வாசற்படி ஏறாமலே திரும்பினான்.

நேராக அரியலூர் போய் அரியமுத்துவின் காலடியில் உட்கார்ந்தான். முதல் பொய்யில் தொடங்கி ஒன்று விடாமல் கொட்டினான். கொட்டும்போதே பாரம் குறைவதுபோல் இருந்தது. மாஸ்டர் கோபப்படட்டும், அடிக்கட்டும், ஊரறிய உண்மையைச் சொல்லிவிட்டால் போதும் என்று காத்திருந்தான்.

அரியமுத்து சிரித்தார். "அந்தாளே மைக்குல ஆமான்னு சொன்னத ஊரே கேட்டுச்சேடா."

"மாஸ்டர், கச்சேரி நின்னுடக் கூடாதுன்னுதான் பாய் அப்படிச் சொன்னாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. பெத்த புள்ள மேல சத்தியம்."

அரியமுத்து குனிந்து, அவன் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ரசிகன்னா நீதான்டா ரசிகன். அந்தாளு பேரக் காப்பாத்த, புள்ள மேலயே பொய்ச் சத்தியம் பண்றியே" என்றார்.