மூன்று கேன் டீசல்

யானைத் தலை அளவு மண்கட்டிகள் புரண்டு விழுவதைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். வட்டத் தட்டுகளால் மண்ணை ஆழமாகப் புரட்டும், புதிதாக வாங்கிய சட்டிக் கலப்பையை முதன்முதலாக இறக்கியது தங்கை மாப்பிள்ளையின் நான்கு ஏக்கர் கரிசல் காட்டில்தான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கூலிக்கு மண் சுமந்து, ஆமத்தூர் பக்கத்தில் முதல் டிராக்டர் வாங்கியவனும் நான்தான். எஞ்சின் சத்தத்தை வைத்தே எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதில் என்னை அடிக்க இன்றைக்கும் ஆள் இல்லை.

மாப்பிள்ளை பத்து வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தவர். அந்த வருடம் வேலையை விட்டிருந்தார். மக்காச்சோளம் விளைந்துவிட்டால் இனி அந்த மருந்து அறைக்குள் கால் வைப்பதில்லை என்று தங்கையிடம் சொல்லியிருந்தார். புரட்டாசியில் ஒரே ஒரு நல்ல மழை. மூன்றாம் நாள் வரப்பில் நின்றுகொண்டு, "மச்சான், கொத்துக் கலப்பைய வச்சு மேலாக்க ஒரு ஓட்டு ஓட்டுங்க, போதும். ஒரு கேன் டீசல்ல முடிஞ்சிரும். உள்ள இருக்க ஈரம் உள்ளயே கெடக்கட்டும்" என்றார்.

"என்ன மாப்ள, கோழி கெளறுன மாதிரியா உழச் சொல்றீக? டீசல் என்னோடது. சும்மா நின்னு வேடிக்க பாருங்க."

"வேடிக்க பாக்கத்தான் வேலைய விட்டேனாக்கும்" என்று சிரித்தார்.

ஒரு சாணுக்கு மேல் இறங்கியது கலப்பை. எஞ்சின் முக்கி முக்கிக் கரும்புகை கக்கியது. இரண்டு கேன் காலி. பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து பார்க்கிறார்களா என்பதில்தான் என் கவனம். அடிமண் ஈரத்தை எல்லாம் அள்ளி வெயிலில் போட்டுவிட்டேன் என்று உறைக்கவில்லை. நான்கே நாளில் கட்டிகள் செங்கல்லாக இறுகின. அவற்றை உடைக்க ரோட்டவேட்டரை மாட்டினேன். இன்னொரு கேன். மண் மாவாகப் பறந்தது. அந்தப் புழுதியில்தான் மாப்பிள்ளை விதைத்தார். மேலாக ஒரே ஓட்டு ஓட்டி விதைத்த பக்கத்துக் காட்டில் வரிசையாக முளைத்தது. இங்கே அங்கொன்றும் இங்கொன்றும். அடுத்த மழை வந்தபோது முளைப்பதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை.

கார்த்திகையில் மாப்பிள்ளை ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனில் மறுபடியும் ஏறினார். மாசியில் அந்த அறை வெடித்தது. அவரைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு தங்கையிடம், "காட்ட நானே உழுது தாரேன்" என்றேன்.

"நல்லாத்தான் உழுதீகண்ணே. போதும்."

இன்று என் பெயரில் மூன்று டிராக்டர் ஓடுகிறது. மழை ஈரத்தில் எந்த டிரைவராவது சட்டிக் கலப்பையை மாட்டினால் நானே போய்ச் சத்தம் போடுகிறேன். தங்கை மல்லாங்கிணற்றிலிருந்து வாடகை டிராக்டர் வரவழைக்கிறாள். என் வாசலைத் தாண்டித்தான் அது போகிறது. மேலாக ஒரே ஓட்டு, உடனே விதைப்பு. போன வருடம் மழை குறைவு. அவள் காட்டில் மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது.