எழும்பூரில் பெண் பார்க்க ஒரு முறி

எல்லைப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்குக் கல்யாணப் பேச்சும் தொடங்கியது. பாறசாலைக்குப் பக்கத்தில் குன்னத்துகாலில் எங்கள் வீடு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மலையாளப் பக்கம் இருந்த எங்கள் தாலுகா மதராசோடு சேர வேண்டும் என்று ஊரில் ஒரு கூட்டம், சேரக் கூடாது என்று இன்னொரு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை இரண்டும் ஒரே சபையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடும். என் மாமன், அதாவது அம்மாவின் தம்பி, சேர வேண்டும் என்ற கூட்டத்தில் முன்வரிசை. கடையில் உப்பு வாங்கினாலும் மேடையில் பேசுகிற குரலில்தான் கேட்பார்.

மாப்பிள்ளை விளவங்கோட்டுக்காரர், மதராசில் குமாஸ்தா. அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெண்ணை இங்கேயே அழைத்து வாருங்கள், நீங்கள் தங்கும் இடத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறேன், காலையில் ஆபீசுக்கு விலாசம் சொல்லியனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தார்.

ஏதாவது லாட்ஜுக்கு முன்னாலேயே கடிதம் போடலாம் என்றார் அப்பா. மாமனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அத்தான், சொந்த வீட்டுக்குப் போறதுக்கு எழுதிப் போட்டிட்டா போவாவ? மதராஸ் நமக்க தலைநகராக்கும். நாம போய் எறங்கினா போதும்."

இறங்கினோம். அப்பா, அம்மா, மாமன், மாமி, நான். வெள்ளிக்கிழமை காலை எழும்பூர் ஸ்டேஷன். இஸ்திரி போட்ட என் பட்டுச்சேலை கசங்காமலிருக்க, அதை வைத்த பெட்டியைத் திருநெல்வேலியிலிருந்தே அம்மா மடியில் வைத்திருந்தாள்.

முதல் லாட்ஜில் மேஜைக்குப் பின்னாலிருந்தவர் சிரித்தார்.

"இன்னைக்கா? பாய் விரிக்கக்கூட இடமில்ல சார். மாநாடு."

"என்ன மாநாடு?" என்றார் அப்பா.

"தெற்கே நம்ம தமிழங்க மலையாளத்துல மாட்டிக்கிட்டு அவதிப்படறாங்களாம். அவங்களுக்காக ஊர் ஊரா ஆளுங்க வந்து எறங்கிட்டாங்க."

மாமன் முகம் மலர்ந்தது. "அது நாங்கதானாக்கும்!"

"எது?"

"மாட்டிக்கிட்டது."

அவர் எங்கள் ஐந்து பேரையும் மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "நீங்க மலையாளமா?" என்றார்.

இரண்டாவது லாட்ஜில் அறை இருந்தது. வாடகையைக் கேட்டதும் அப்பா, "மாசத்துக்கா?" என்றார். "ராத்திரிக்கு" என்று பதில் வந்தது. அப்பா குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மூன்றாவது இடத்தில் 'குடும்பத்துடன் தங்கலாம்' என்று பலகையே தொங்கியது. அங்கிருந்தவர் எங்களை எண்ணிப் பார்த்து, "குடும்பம்னா புருஷன், பெஞ்சாதி, ரெண்டு குழந்தை. இது ஊர்வலம்" என்றார்.

மாநாட்டுப் பிரதிநிதிகளை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருப்பதாகச் சொன்னார்கள். மாமன் எங்களை அங்கே நடத்திக் கூட்டிப் போனார். வாசலில் நெஞ்சில் ரிப்பன் குத்திய தொண்டர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"பிரதிநிதிச் சீட்டு இருக்கா?"

"தம்பி, நீங்க கூடியிருக்கதே எங்களுக்கு வேண்டியாக்கும். எங்களுக்கு ஒரு முறி தாங்க."

"எதை முறிக்கணும்?"

எங்கள் ஊரில் அறைக்கு முறி என்றுதான் பெயர். மாமன் விளக்கிச் சொன்னார். தொண்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ் நல்லாவே பேசறீங்களே சார். எப்ப கத்துக்கிட்டீங்க?" என்றார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. மனப்பூர்வமான பாராட்டு அது. மாமன் எங்களுக்கு முன்னால் தெருவில் இறங்கினார்.

திரும்பி நடந்தோம். மணி ஒன்று தாண்டிவிட்டது. மாப்பிள்ளைக்கு இன்னும் விலாசம் சொல்லியனுப்பவில்லை. நடுத்தெருவில் மாமி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். குதிகால் உரிந்து சிவந்திருந்தது. "என்னக்கொண்டு இனி களியாது" என்று மலையாளத்தில் சொல்லி, இனி ஓரடியும் நடக்க முடியாதவளாக அங்கிருந்த சாப்பாட்டுக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே வடை போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "நாட்டில் எவிடயா?" என்று மலையாளத்தில் ஊரைக் கேட்டார்.

"பாறசாலையாக்கும்" என்றாள் மாமி.

அவருக்கு ஊர் நெய்யாற்றின்கரை, எங்கள் தாலுகாதான். கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஐந்து நிமிஷத்தில் மாமி எங்கள் கதை முழுவதையும் மலையாளத்தில் சொல்லி முடித்தாள். மாடியில் ஒரு முறி உண்டு, வாழைக்குலை தொங்கவிடுகிற இடம், பாதியை ஒதுக்கித் தரலாம் என்றார் அவர்.

மாமன் படியேறவில்லை. கல்லாவுக்கு மேலே ஐக்கிய கேரளத்தின் வரைபடம் ஒட்டியிருந்தது. எங்கள் தாலுகா மட்டுமல்ல, கன்னியாகுமரிவரை அதற்குள் இருந்தது.

"இவனுக்க முறியில நான் கால் வைக்கமாட்டேன்" என்றார்.

"வைக்காண்டாம். நீங்க மாநாட்டுல போய்க் கிடங்க. பிள்ளைக்கு சேல மாத்தணும்" என்றாள் மாமி.

மாமன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். அப்பா மாப்பிள்ளையின் ஆபீசுக்கு ஓடினார்.

சரியாக நாலு மணிக்கு மாப்பிள்ளை ஒரு நண்பரோடு வந்தார். ஒல்லி, கண்ணாடி. தலைக்கு மேலே தொங்கிய குலையில் இடிக்காமலிருக்கக் கழுத்தைச் சாய்த்தே உட்கார்ந்திருந்தார். டீ வரவில்லை. கீழே மாமனும் கடைக்காரரும் தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தோவாளைத் தாலுகா யாருக்கு என்பதில் தொடங்கி அப்போது செங்கோட்டைக்குப் போயிருந்தார்கள். டீ போட வேண்டியவரும் கொண்டுவர வேண்டியவரும் அவர்கள்தான்.

"முறி தேடி ரொம்ப அலைஞ்சியளோ?" என்று மாப்பிள்ளை அப்பாவிடம் கேட்டார்.

"காலையிலேருந்து" என்றார் அப்பா.

"நான் ஒன்றரை வருஷமா அலையறேன். ஒரு முறியில நாங்க ஆறுபேர். பெண்ணைக் கூட்டிட்டு வர எனக்கு எடம் கிடையாது. இதச் சொல்லாம மறைச்சா தப்பு."

நண்பர் அவர் தொடையில் இடித்தார். இதையெல்லாம் இப்போது சொல்வார்களா என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். பவிசு பேசாமல் இல்லாததை இல்லை என்று சொன்ன மனுஷனை அன்று பூராவும் நான் பார்த்திருக்கவில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று.

வீடு கிடைத்ததும் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அதற்குள் எல்லைக் கோடு போட்டுவிட்டார்கள். அவருடைய விளவங்கோடு மதராசோடு போனது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளப் பக்கமே நின்றது. மாமன் பத்து நாள் சவரம் செய்யாமல் இருந்தார். அந்த வாரம் மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது. எல்லையைப் பற்றி ஒரு வரி இல்லை. 'புரசைவாக்கத்தில் ஒரு வீடு பார்த்தேன். தண்ணீர் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்' என்றிருந்தது.

இன்னும் எட்டு மாதம் தேடினார். கடைசியில் பெரம்பூரில் ஒரு போர்ஷன் அமைந்தது, கல்யாணமும் நடந்தது. ஒன்றரை முறி, குளியலறை மூன்று குடும்பத்துக்குப் பொது. விடிவதற்கு முன் எழுந்தால் நமக்கு. இல்லாவிட்டால் எதிர் போர்ஷன்காரர் பாட்டுப் பாடி முடிக்கும்வரை வாளியோடு வாசலில் நிற்க வேண்டும்.