கை காயும் வரை

டென்மார்க்கில் முதல் வாரம். ஆபீஸில் மதியச் சாப்பாடு முடிந்ததும் என் நாக்கு வழக்கம்போல் இனிப்பு கேட்டது. பக்கத்து மேசை மெத்தா கறுப்பு மிட்டாய் ஒன்றை நீட்டி, "லக்ரிஸ்" என்றாள். வாயில் போட்டால் உப்பு! மிட்டாயில் உப்புப் போடுகிற ஊரில் எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று நொந்துகொண்டேன். என் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்து, ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்து அவள் இன்னும் நாலைந்து கொடுத்தாள்.

அதன் பிறகு சாக்லேட்டை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். சில வருஷங்களில் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டது. அப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை வியாதி. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கிளினிக் நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். வெறும் சோறாகச் சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறி இறங்குமாம், இறங்கும்போது உடம்பு இனிப்பைத் தேடுமாம். பருப்பு, முட்டை போதாமல் இருக்கலாம், தூக்கம் போதாமல் இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். பிறகு, "யாரோடு சாப்பிடுகிறாய்?" என்றாள். ஊர் அத்தைகள் மாதிரி இவளும் ஆரம்பித்துவிட்டாளே என்று, "இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்றேன் விறைப்பாக. அவள் சிரித்துவிட்டாள். தனியாக இருந்தால் அவசரமாக விழுங்குவோம், வயிறு நிறைந்ததே தெரியாது, அதற்காகக் கேட்டாளாம்.

சோற்றைக் குறைத்தேன், பருப்பைக் கூட்டினேன். மதிய ஆசை அடங்கியது. ராத்திரி ஆசை மட்டும் அசையவில்லை. அவள் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

1993-ல் நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். அப்பாவுக்கு விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வேலை. ராத்திரி பஸ்ஸில் அவர் வருவதற்குள் அம்மா எனக்குச் சோறு போட்டுவிடுவாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ மாட்டேன். "கை காயுது பாரு, எழுந்து கழுவுடி" என்று அம்மா கத்துவாள். அப்பா வந்து, அந்த எச்சில் கையிலேயே வேர்க்கடலையில் வெல்லம் சேர்த்துப் பிடித்த மல்லாட்டை உருண்டையை வைத்தால்தான் எனக்குச் சாப்பாடு முடியும். நாள் முழுக்க அவரைப் பார்ப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். அவருக்காகக் காத்திருந்ததைத்தான் என் நாக்கு இனிப்பு என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ.

அம்மா இறந்த பிறகு அப்பா திண்டிவனத்தில் தனியாக இருக்கிறார். போனில் சண்டை.

"சக்கரைய உட்டு வருஷம் ஆவுது பாப்பா. சாப்ட்டதும் ஒரு துண்டு வெல்லம், அவ்ளோதான்."

"வெல்லமும் சக்கரைதாம்ப்பா!"

"அத்த வாயில போட்டாத்தான் துன்ன மாதிரி கீது. தனியா உக்காந்து துன்னுக்கினு... பேஜாரா கீது பாப்பா."

"ராத்திரி எத்தனை மணிக்குப்பா சாப்புடுவ?" என்று கேட்டேன்.

இங்கே ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு. கோடையில் அப்போது திண்டிவனத்தில் ஒன்பதரை. நல்லதாகப் போயிற்று, போனை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் ஒன்றாகவே சாப்பிடுகிறோம். அவர் வெல்ல டப்பாவை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நான் சாக்லேட் வாங்குவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் இருவருக்கும் வாய் நமநமவென்றுதான் இருக்கிறது. அந்த நேரத்தைப் பேசியே கடத்துகிறோம். என் சன்னலில் வெயில் இன்னும் இறங்கவில்லை. அவர் தலைக்கு மேலே ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல் பறக்கிறது.

"கை காயுது பாரு பாப்பா, எழுந்து கழுவு" என்கிறார் அப்பா.

"நீ மொதல்ல கழுவுப்பா."

இருவரும் எழுந்திருப்பதில்லை.