அவுத்துட்டு வரேன்

அப்பாமேல் இரண்டு வழக்குகள் போட்டிருந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் அனுமதியில்லாமல் மாட்டுவண்டியில் வண்டல் மண் ஏற்றினார் என்பது ஒன்று. அனுமதிச் சீட்டு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் அந்த வழக்கு நின்றுவிட்டது. மற்றது நிற்கவில்லை. கைது செய்ய வந்த, அரை நிக்கர் போட்ட போலீஸ்காரரின் கையைத் தட்டிவிட்டார், தொப்பியைச் சேற்றில் தள்ளினார், மிரட்டினார் என்று எழுதியிருந்தார்கள். நிரூபணமானால் ஜெயில்தான் என்றார் வக்கீல்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். அதனால் நடந்ததை வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்பா சொல்லச் சொல்ல நான்கு பக்கம் எழுதினேன், ஓர் அடித்தல் இல்லாமல். அவருடைய பேச்சைக் கோர்ட்டில் யாரும் ஏளனம் செய்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினேன். அவர் 'வூடு' என்றால் நான் 'இல்லம்' என்று எழுதினேன்.

வக்கீல் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே பொண்ணே. ஆனா ஒண்ணு ஒட்டல. போலீஸ்காரர் கையைப் பிடிச்சதும் உங்கப்பா, 'காளைகளை நுகத்தடியிலிருந்து விடுவித்துவிட்டு வருகிறேன்'னு சொன்னதா எழுதியிருக்கே. ரிப்போர்ட்ல 'உன் நிக்கரை அவுத்துடுவேன்'னு மிரட்டினதா இருக்கு. நுகத்தடி எங்கே, நிக்கர் எங்கே? எந்தக் காதுக்கும் இது அதுவாக் கேக்காதே!"

எனக்கு முகம் சூடேறியது. வக்கீல் அப்பா பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு வாயில வந்ததை அப்படியே சொல்லுய்யா."

அப்பா என்னைப் பார்த்தார்.

"அவளை ஏன் பாக்கறே? அடிக்கமாட்டா, சொல்லு."

"இன்னா சார் சொன்னேன்? 'இரு சார், அவுத்துட்டு வரேன்'னேன். மாடு பூட்டிக்கினு கீது, லாரி மேல லாரி வந்துகினே கீது. லோடோட நடுரோட்டுல வுட்டுட்டு எப்டி சார் ஜீப்புல ஏர்றது?"

"மாட்டைனு சொன்னியா?"

"வண்டிக்காரன் வேற எத்த சார் அவுப்பான்?"

வக்கீல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு என் நான்கு பக்கங்களையும் திருப்பிக் கொடுத்தார்.

"இதை நான் கோர்ட்ல நீட்டியிருந்தா உங்கப்பா உள்ளதான். அவர் சொன்ன மாதிரியே எழுதிக் கொண்டா."

வெட்கமாக இருந்தது. என் கையால் நானே அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிவைக்க இருந்தேனே! அன்று 'கீது', 'வந்துகினே' என்றெல்லாம் எழுத எளிதில் கை வரவில்லை. எழுதினேன்.

விசாரணை நாளில் வக்கீல் போலீஸ்காரரிடம் கேட்டார்.

"நிக்கர்ங்கற வார்த்தையை உங்க காதால கேட்டீங்களா?"

"லாரி போச்சு சார். 'அவுத்து'ன்னு கேட்டுது. வேற எதைச் சொல்லுவாருன்னு..."

"சரி. கையை உதறிட்டு எந்தப் பக்கம் ஓடினார்?"

"ஓடல. வண்டிக்கிட்ட போனார்."

"போய் என்ன செஞ்சார்?"

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"மாட்டை... அவுத்தார் சார்."

"அப்புறம்?"

"புளியமரத்துல கட்டிட்டு, அவரே வந்து ஜீப்புல ஏறினார்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து விடுதலை என்று தீர்ப்பு வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் அந்தப் போலீஸ்காரர் அப்பாவை மறித்தார்.

"யோவ், நிஜமாவே எனக்கு அப்படித்தான்யா கேட்டுது."

"கேட்டிருக்கும் சார். தொப்பி வெளுத்துச்சா?"

"போய்யா!" என்றார் அவர். ஆனால் சிரித்துவிட்டார்.

பஸ் ஏறி உட்கார்ந்ததும் அப்பா தூங்கிப் போனார். தண்டலம் தாண்டும்போது அவர் என் தோளில் தலை சாய்த்து, வாய் திறந்து, குறட்டை விட்டார். முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்றிருந்தேன். எங்கள் நிறுத்தம் வந்தது. கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவினார். நான் அப்பாவை எழுப்பவில்லை. அடுத்த நிறுத்தத்துக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினேன். திரும்பி நடந்துகொள்ளலாம். பகல் இன்னும் நிறைய இருந்தது.