தண்ணீர் விட்ட கறி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்நடை மருத்துவராக இருந்தேன். ஒரு ஞாயிறு காலை ரோஸ்லின் அக்கா தட்டோடு வாசலில் நின்றார். மம்சாபுரத்தில் பன்றிப் பண்ணையும் கறிக்கடையும் நடத்தியவர். தட்டில் ஒரு துண்டுக் கறி, சுற்றிலும் தண்ணீர்.

"ஊசியில தண்ணி ஏத்தி விக்கேன்னு மாதா கோயில் வாசல்ல வச்சே சொல்லிட்டாரு சார், எங்கிட்டயே கறி வாங்குற சூசை அண்ணன். இனி அங்கன நான் எப்படித் தலகாட்டுவேன்?"

கறி வெளிறித் தொளதொளவென்று இருந்தது. அறுக்குமுன் பன்றி மிரண்டால் இப்படி ஆவதுண்டு. "விரட்டுனீங்களா?" என்றேன்.

"எங்க வெரட்ட? கதவத் தொறந்தாலே மூச்சு வாங்கிப் படுத்துருது. போன வாரம் ஒண்ணு வண்டியில ஏத்தும்போதே செத்துப்போச்சு."

வம்சத்திலேயே கோளாறோ என்று எனக்குச் சுருக்கென்றது. அன்றே பண்ணைக்குப் போனேன். அங்கே சுல்தான் நின்றான். லேண்ட்ரேஸ் இன ஆண் பன்றி, தொடை ஒவ்வொன்றும் உரல் மாதிரி. செத்த பன்றியின் தாய் எது என்று கேட்டேன்.

"இவன் மகதான் சார். தொடை உருண்டதாப் பாத்து குட்டிக்குன்னு நிறுத்தி, பொறவு இவனையே சேத்துவிட்டேன். இவன மாதிரி வேற எங்க கெடைக்கும்?"

அங்கேதான் கோளாறு. சதையைக் கூட்டுகிற ஒரு ஜீன் உண்டு. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால் குட்டி சின்ன அதிர்ச்சியையும் தாங்காது; அறுத்த கறி சூடு ஆறுமுன்பே புளித்து நீரை விட்டுவிடும். ரத்தத்தில் அதைப் பார்க்கும் வசதி அப்போது எங்களிடம் இல்லை. சுல்தானையும் மகள்களையும் இனவிருத்தியிலிருந்து எடுக்கச் சொன்னேன்.

"அவன் என்ன சார் தப்புப் பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அக்கா மொத்தத்தையும் கழித்துவிட்டு, வேறு வம்சத்தில் யார்க்‌ஷயர் இனப் பன்றிகளை வாங்கினார். கடையைப் பூட்டிவிட்டு ராஜபாளையம் மில்லில் கூலிக்குப் போனார். அவை ஈன்ற குட்டிகள் வளர்ந்து கறிக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

கடை திறந்த ஞாயிறு நானும் போனேன். தொங்கிய தொடைக்குக் கீழே அதே தட்டு. கூட்டம் சுற்றி நின்றதே தவிர, யாரும் வாங்கவில்லை. கடைசியில் சூசை அண்ணன், "ரெண்டு கிலோ போடும்மா" என்றார்.

"மொதல்ல தட்டப் பாரும்ணே."

குனிந்து பார்த்தார். இரண்டு சிவப்புச் சொட்டு, அவ்வளவுதான்.

அதன்பிறகு எந்தப் பண்ணையில் ஆண் பன்றியைப் பெருமையாகக் காட்டினாலும், அதன் பிள்ளைகளின் கறி எப்படி என்றுதான் முதலில் கேட்பேன். கண்ணுக்குத் தெரிந்த தொடையை மட்டும் நம்பினால் ரோஸ்லின் அக்காவின் கதிதான்.

அக்கா கறியை வெட்டிக் கொடுத்தார். தட்டை மட்டும் சாயங்காலம் வரை எடுக்கவில்லை.