வெறும் வயிற்றில் பார்த்த பிரஷர்

அப்பா வங்காளத்துக் கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய அவரிடம் தெருமுனை டாக்டர், "வயசோட நூறைக் கூட்டிக்கோ, பிரஷர் அதுவரைக்கும் பயமில்லை" என்று வங்காள மொழியில் சொல்லி அனுப்பிவிடுவார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். அந்தக் கணக்கை நம்ப முடியவில்லை. பெஹாலாவில் ஓர் இளம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் புதிய வழிகாட்டு நெறிகளின் அட்டவணை இருந்தது. எந்த வயதானாலும் நூற்று நாற்பதுக்குக் கீழே வரவேண்டும்.

வரவில்லை. போகும்போதெல்லாம் பிரஷர் அதிகம் காட்டியது. ஒவ்வொரு முறையும் மாத்திரை கூடியது. வீட்டிலோ அப்பா எழுந்து நின்றாலே கதவைப் பிடித்தார். ஆடும் கப்பல் தளத்தில் பிடிமானமில்லாமல் நடந்த மனிதர். ஒரு காலை குழாயடியில் சரிந்தவரை அம்மா தோள்கொடுத்துத் தாங்கினாள். நெற்றிக்கும் சிமெண்டுத் தொட்டிக்கும் ஒரு சாண்தான்.

அந்த வாரமே மறுபடி பெஹாலா. பாதரசம் நூற்று எழுபதில் துடித்தது.

"இன்னொன்று சேர்க்கலாம், மேஷோமோஷாய்" என்று அப்பாவைச் சித்தப்பா முறை சொல்லி அழைத்து டாக்டர் பேனாவை எடுத்தார்.

"தலை சுத்துதுன்னு சொல்லுலே" என்றாள் அம்மா. சொன்னேன். இந்தப் பிரஷருக்குச் சுற்றத்தான் செய்யும் என்றார். அட்டவணை அவர் பக்கம் இருந்தது. பேனா காகிதத்தைத் தொட்டது.

"சீக்கிரம் முடிக்கச் சொல்லு. அவுக இன்னும் காப்பி குடிக்கல, மாத்திரையும் போடல" என்றாள் அம்மா.

"மாத்திரை ஏன் போடல?"

அப்பாவுக்கு என் கேள்வி வேடிக்கையாக இருந்தது. "செக்கப்புக்கு வாற அன்னிக்கு எவனாச்சும் மாத்திரை போடுவானாலே? சீக்க அமுக்கி வச்சிட்டு வந்தா டாக்டர் என்னத்தப் பாப்பாரு? சுகர் பாக்க வெறும் வயித்தோட வரச் சொன்னாகல்லா, அது மாதிரித்தான். படிச்சவன், இதுகூடவா தெரியாது?"

அதை டாக்டரிடம் வங்காள மொழியில் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடினார். மறுநாள் சாப்பிட்டு, மாத்திரை போட்டு வரச் சொன்னார்.

மறுநாள் படுக்கவைத்துப் பார்த்தார், நூற்று முப்பது. பிறகு எழுந்து நிற்கச் சொன்னார். இத்தனை மாதத்தில் அப்பாவை நிற்கவைத்து யாரும் பார்த்ததில்லை. பாதரசம் நூற்றுக்கும் கீழே இறங்கியது. அப்பாவின் கை சுவரைத் தேடியது. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

டாக்டர் அவரை உட்காரவைத்துவிட்டுச் சீட்டில் இரண்டு மாத்திரைகளைக் கோடிட்டு அடித்தார். அட்டவணையின் அடியில், சிறிய எழுத்தில், முதியவர்களை நிற்கவைத்தும் பார்க்கவேண்டும் என்று இருந்ததை அன்றுதான் படித்தேன்.

"கொறைச்சிட்டாரே. நாளைக்குச் சீக்கு கூடிட்டா?" என்றார் அப்பா.

"மெள்ள எந்திரிங்கப்பா" என்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.